சொலாஞ்ச் வெல்மாரின் தமிழ்க் குரல்

இந்த ஏசியைக் கொஞ்சம் குறைக்கச் சொல்ல முடியுமா, பாய்? குளிர்காற்று பட்டால் எனக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். அப்புறம் நான் சொல்வது உங்களுக்கே கேட்காது. உங்களுக்குக் கேட்காவிட்டால் போலீஸ் ஐயாவுக்கு எப்படி அரபியில் சொல்வீர்கள்?

உங்கள் பெயர் செய்கு அலாவுதீன் என்று வெளியே உட்கார்ந்திருந்தபோது சொன்னார்கள். காயல்பட்டினம்தானே? பேச்சில் தெரிகிறது. என் பெயர் பிரபாவதி. பிறந்தது குடியாத்தம், பிழைத்தது சென்னை சாலிகிராமத்தில். இந்த நாட்டுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. வயதானவர்களை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்வது என் வேலை. கடைசியாக இங்கே அல் ஐனில் சொலாஞ்ச் வெல்மார் என்ற பிரெஞ்சு அம்மாவைப் பார்த்துக்கொண்டேன். நான் மேடம் என்றுதான் கூப்பிடுவேன். அவர் இறந்ததைப் பற்றித்தான் ஐயா கேட்கிறார். சொல்கிறேன். மறைக்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கில்லை. ஆனால் முதலிலிருந்து சொல்ல வேண்டும். நடுவிலிருந்து கேட்டால் நான் கெட்டவள் போலத் தெரிவேன்.

மேடத்தை நேரில் பார்ப்பதற்கு முப்பது வருடத்துக்கு முன்பே எனக்கு அவரைத் தெரியும். அப்போது நான் சென்னையில் டப்பிங் பேசிக்கொண்டிருந்தேன். வெளிநாட்டுப் பேய்ப் படங்களை மலிவாக வாங்கிவந்து, தமிழில் பேசவைத்து, டூரிங் கொட்டகைகளுக்கு அனுப்புவார்கள். வடபழனியில் ஒரு மாடியில் ரிக்கார்டிங் தியேட்டர். சேதுபதி சார்தான் அங்கே எல்லாம். வசனம் எழுதுவது, ஆள் பிடிப்பது, சத்தம் போடுவது, எல்லாம் அவரே. முதல் நாள் எனக்குப் பயத்தில் அழுகை வந்துவிட்டது.

"அழுவாத பிரபா. அழுவுறதுக்கு வேற பொண்ணு இருக்கு. நீ கத்து" என்றார்.

கத்தினேன். அவர் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அன்றிலிருந்து பேய் பிடித்தவள், பேயைப் பார்த்தவள், பேய் எல்லாமே நான்தான்.

அப்படி வந்த படங்களில் ஒன்றுக்கு அவர் வைத்த பெயர் 'சுடுகாட்டுச் சீமாட்டி'. கல்யாணத்தன்று கடலில் மூழ்கிப்போன பெண் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கரையேறி வருவாள். அந்தப் பெண்தான் மேடம். அது பழைய படம்; எடுத்தபோது, எங்கள் கைக்கு வருவதற்கு இருபது வருடம் முன்பு, அவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். வெள்ளைக் கவுன், ஈரத் தலைமுடி, தூக்கமே இல்லாதது போன்ற கண்கள். கடைசிக் காட்சியில் கடலைப் பார்த்து வாயைத் திறப்பார். அந்த ஒரு முகம் திரையில் நெடுநேரம் நிற்கும். ரிக்கார்டிங்கில் ஒரு காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள், ஐயா. பார்த்துப் பார்த்து, அவர் மூச்சு எந்த இடத்தில் உள்ளே போகிறது, எந்த இடத்தில் தொண்டை அசைகிறது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். என் அம்மாவின் முகத்தைக்கூட நான் அப்படிப் பார்த்ததில்லை.

படத்தில் அவருக்கு அதிகம் பேச்சு கிடையாது. சேதுபதி சாருக்கு அது பொறுக்காது. "முதுகக் காட்டிக்கிட்டுத்தானே நிக்குறா, ரெண்டு வரி போடு. உதடு தெரியலன்னா நம்ம இஷ்டம்" என்பார். அப்படி அவர் பேசாத இடத்திலெல்லாம் நான் பேசினேன். ஒரு வரிகூட ஒட்டாமல் போனதில்லை. எதைப் போட்டாலும் பொருந்துகிற முகம் அது.

டைட்டிலில் என் பெயர் வராது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த மாதிரிப் படத்தில் யார் பெயரும் வராது.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. நிலைக்கவில்லை. பேய்ப் படங்களும் நின்றுபோயின. நான் இந்தப் பக்கம் வந்துவிட்டேன். துபாயில் கராமாவில் ஏழெட்டுப் பெண்களோடு ஒரு ரூம். பகலில் யார் வீட்டிலாவது ஒரு கிழவருக்குச் சோறூட்டல். குரல் என்று எனக்கு ஒன்று இருந்ததையே மறந்திருந்தேன்.

எலோடி என்னை வேலைக்குக் கூப்பிட்டாள். மேடத்தின் ஒரே மகள். பழைய மண்கோட்டைகளைப் பழுதுபார்க்கிற இன்ஜினியர். இங்கே அல் ஐனில் வேலை, அடிக்கடி சவுதிக்கும் போவாள். அம்மா இடுப்பெலும்பு முறிந்து தனியாக இருக்க முடியாமல் போனதால் பிரான்சிலிருந்து இங்கே அழைத்து வந்திருந்தாள். நான் உள்ளே போனபோது நடையில் ஒரு சினிமா போஸ்டர் மாட்டியிருந்தது. வெள்ளைக் கவுன். திறந்த வாய். எலோடி சம்பளம், லீவு என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

மேடத்திடம் அன்று மாலையே சொன்னேன். எங்கள் இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் அரைகுறைதான். "தமிழில் நீங்கள் நான்தான்" என்றேன். அவருக்குப் புரியப் புரியச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்துவிட்டு ஒன்று சொன்னார். அவர் இங்கிலீஷில் சொன்னதை நான் தமிழில் சொல்கிறேன்.

"அப்போ நாம ரெண்டு பேரும் ஒரே கட்சி. என் படத்துல என் குரல் வந்ததே இல்ல."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கிச் சொன்னார். மேடம் ஒரு துறைமுகத்து ஊர்ப் பெண். அப்பா மீன் சந்தையில் ஐஸ் உடைத்தவர். பாரிஸில் ஒரு சினிமா தியேட்டரில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு டைரக்டர் பார்த்தார். முகம் அவருக்குப் பிடித்தது. வாயைத் திறந்து பேசியதும் முகம் சுளித்தார். மீன்காரி பேச்சு என்றாராம். அதனால் ஒவ்வொரு படத்திலும் ரேடியோவில் பேசுகிற ஒரு பெண்ணைக் கூப்பிட்டு மேடத்துக்குக் குரல் போட்டார். கத்தலும் அந்த ரேடியோக்காரியுடையதுதான். குளிர்காலத்தில், விடிகாலையில், பாழடைந்த கோட்டைகளிலும் கடற்கரையிலும் மெல்லிய கவுனோடு நிற்கவைத்துப் படம் பிடித்தார்கள். பீட்ரூட் பாகுதான் ரத்தம். அதற்கு எறும்பு வரும்.

"கடைசி ஷாட்ல கடலப் பாத்து என்ன நெனச்சீங்க மேடம்?" என்று கேட்டேன். எனக்கு அது பல வருடச் சந்தேகம்.

"சூப்" என்றார். "முடிஞ்சதும் சூடா சூப் தர்றேன்னு சொல்லியிருந்தாங்க. அதத்தான் நெனச்சிக்கிட்டு வாயத் தெறந்தேன்."

படங்கள் ஓடவில்லை. பத்திரிகைகள் கிண்டல் செய்தன. நாடகத்தில் நடிக்கலாம் என்று போய்ப் பார்த்தார். அங்கே ஒருவன் அடையாளம் கண்டுகொண்டு, எங்கே ஒரு கத்து கத்துங்கள் பார்க்கலாம் என்று சிரித்தானாம். திரும்பி வந்துவிட்டார். பிறகு ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தே காலம் போய்விட்டது. "அங்கயும் கத்தல்தான். ஆனா என்னோடது இல்ல" என்பார்.

கிழவியான பிறகுதான் உலகம் அவரைத் தேடி வந்தது. அந்தப் படங்களைப் பிள்ளைகள் கண்டுபிடித்துக் கொண்டாட ஆரம்பித்தார்கள். விழாவுக்குக் கூப்பிட்டு மாலை மரியாதை செய்தார்கள். மேடத்தின் முகத்தைக் கையில் பச்சை குத்திக்கொண்ட பையன் ஒருவன் காலில் விழாத குறையாக அழுதானாம். "அவங்க எல்லாரும் கேட்டது அந்த ரேடியோக்காரிய" என்று மேடம் சொன்னார். அதைச் சொல்லும்போது மட்டும் அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று நான்தான் கேட்டேன், இப்போது கத்துங்களேன் என்று. இரண்டு பேரும் தோட்டத்துப் பக்கம் நின்று சேர்ந்து கத்தினோம். என் கத்தல் நீளம். அவருடையது காக்கை கத்துவது போல இருந்தது. வளாகத்துக் காவலாளி அருள்ராஜ் நாகர்கோவில் பையன், செருப்பில்லாமல் ஓடி வந்தான்.

"அக்கா, என்னாச்சு? யாரு கத்துனா?"

"ஒண்ணுமில்ல தம்பி. மேடம் சினிமா நடிகை. நாங்க ரிகர்சல் பண்றோம். இனிமே கேட்டா பயப்படாத" என்றேன். மேடம் கண்ணில் நீர் வரச் சிரித்தார். என் வாழ்க்கையில் நல்ல நாள் எது என்று ஐயா கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

அடுத்த குளிர்காலத்தில் மேடத்துக்கு மூளையில் அடைப்பு வந்தது. வலது கை விழுந்தது. பேச்சு போனது. புரிந்துகொள்வதெல்லாம் சரியாக இருக்கிறது, சொல்வதற்குத்தான் வழியில்லை, பயிற்சி கொடுத்தால் திரும்பலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அன்றைக்கு நான் நடந்துகொண்டதில் ஒரு தப்பும் சொல்ல முடியாது. உடனே பார்த்தேன், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். எனக்கு அடையாளங்கள் தெரியும், பாய். பயிற்சி எடுத்திருக்கிறேன். இதையும் ஐயாவிடம் சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு மேடத்துக்காக நான் பேச ஆரம்பித்தேன். அதை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை, தானாக அமைந்தது. எலோடி காபி கொண்டுவருவாள். மேடத்தின் புருவம் லேசாக ஏறும். "சக்கரை ஜாஸ்தியாம்" என்பேன். எலோடி வாயில் வைத்துப் பார்த்து, ஆமாம் என்பாள். "நான் மகள். எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு எப்படித் தெரிகிறது?" என்று கேட்பாள். முகத்தைப் பார்த்துப் பேசுவது என் தொழில். அவளுக்கு அது எங்கே தெரியும்?

ரசிகர்கள் வீடியோ காலில் வருவார்கள். மேடத்தை நன்றாக உடுத்தி உட்காரவைத்து, அவர் கையை நான் பிடித்துக்கொள்வேன். அவர்கள் கேட்பார்கள், மேடம் என்னைப் பார்ப்பார், நான் சொல்வேன். கடற்கரைக் காட்சியில் என்ன நினைத்தீர்கள் என்று ஒரு பையன் கேட்டான். சூப் என்று சொல்லவா முடியும்? "செத்துப்போன என் தாயை நினைத்தேன்" என்று சொன்னேன். அந்தப் பையன் அழுதான். மேடம் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். உணர்ச்சி மிகுதி என்று சொன்னேன்.

எல்லாரும் அதை நம்பினார்கள். நானும் நம்பினேன், ஐயா.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஹிஃப்ஸா என்று ஒரு பெண் வீட்டுக்கே வந்தாள். கீழக்கரைக் குடும்பம், பிறந்து வளர்ந்ததெல்லாம் ஷார்ஜா. பாதித் தமிழ், பாதி இங்கிலீஷ். பிரெஞ்சு வார்த்தைகளை எலோடி தன் குரலில் போனில் பதிந்து கொடுத்திருந்தாள். ஹிஃப்ஸா அதைப் போட்டுக்காட்டி, வாய் அசைவைச் சொல்லிக்கொடுப்பாள். பொறுமையான பெண். அவளைப் பற்றி நான் எலோடியிடம் சொன்னவற்றில் உண்மை ஒன்றுமில்லை. அதற்கு இப்போது வருகிறேன்.

ஒருநாள் பயிற்சி நடுவில் நான் உள்ளே போய், "மேடம் டயர்டா இருக்காங்க. இன்னிக்குப் போதுங்கிறாங்க" என்றேன்.

"நோன்" என்றார் மேடம்.

ஹிஃப்ஸா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "ஆன்ட்டி, கேட்டீங்களா? 'நோன்'ன்னாங்க. இல்லன்னு அர்த்தம். அவ்ளோ கிளியரா வந்துச்சு. எலோடிக்கு உடனே சொல்லணும் ஆன்ட்டி."

"நான் சொல்லிக்கிறேன்மா" என்றேன்.

குரல் எப்படி இருந்தது என்று நினைக்கிறீர்கள்? கரகரவென்று, தட்டையாக, எங்கோ சந்தையில் கேட்பது போல. அந்த முகத்துக்கு அது பொருந்தவே இல்லை. என் காதால் கேட்டேன், மேடம் அத்தனை மாதம் கழித்துப் பேசிய முதல் வார்த்தை, நான் சொன்னதை மறுத்து.

எலோடியிடம் அதைச் சொல்லவில்லை. அவள் சவுதியிலிருந்து வந்ததும் வேறு ஒன்று சொன்னேன். ஹிஃப்ஸா சத்தம் போடுகிறாள், அவள் வரும் நாளில் மேடம் காலையிலிருந்தே அழுகிறார், சாப்பிடுவதில்லை என்று. ஹிஃப்ஸாவிடம், குடும்பத்தில் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள், வருத்தப்படாதே என்றேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் சந்தித்ததே குறைவு. நடுவில் நான் இருந்ததால் அவர்களுக்குத் தேவைப்படவில்லை.

ஆனாலும் மேடம் தனியாகவே முயன்றார். குளியலறையில் உட்காரவைத்துவிட்டு வெளியே நின்றால் உள்ளே முனகல் கேட்கும். ஒரே எழுத்தைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்ப்பார். எலோடி வீட்டில் இருக்கும் நாட்களில் அதிகம். அதனால் அந்த நாட்களில் சூப்பில் ஒரு மருந்தைக் கலந்து கொடுத்தேன். விஷமெல்லாம் இல்லை. சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற மருந்துதான், கடையில் கேட்டால் தருவார்கள். குடித்தால் தூக்கக் கலக்கமாக இருக்கும். வயதானவர்களுக்குத் தரக்கூடாது என்று பெட்டியில் போட்டிருக்கும். அவர் அமைதியாக இருந்தார். எலோடியும், அம்மா முன்பைவிடச் சாந்தமாக இருக்கிறாள் என்று சந்தோஷப்பட்டாள். சூப்பைப் பார்த்தால் மேடம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். மெதுவாக, பேச்சுக் கொடுத்துக்கொண்டே ஊட்டினால் இறங்கிவிடும்.

இப்போது ஐயா என்னைப் பார்க்கிற பார்வை எனக்குப் புரிகிறது. ஒரு நிமிடம் பொறுங்கள்.

பாரிஸிலிருந்து ஒரு சின்ன வயது டைரக்டர் பெண் எலோடிக்குப் போன் செய்தாள். மேடத்தைப் பற்றிப் படம் எடுக்கிறாளாம். பழைய படங்களை எல்லாரும் பார்த்துவிட்டார்கள், இவருடைய சொந்தக் குரலை ஒருவரும் கேட்டதில்லை, ஒரே ஒரு வார்த்தை போதும், உடைந்திருந்தாலும் போதும் என்றாள். எலோடி போனை ஸ்பீக்கரில் போட்டு அம்மாவின் பக்கத்தில் வைத்திருந்தாள். மேடத்தின் இடது கை நாற்காலியின் கைப்பிடியைத் தட்டிக்கொண்டே இருந்தது. நான் வாய் திறப்பதற்குள் எலோடியே சொல்லிவிட்டாள்: "அம்மாவுக்கு இஷ்டம். எனக்கே தெரிகிறது."

முதல்முறையாக அவள் என்னைக் கேட்கவில்லை.

பிரான்சில், லியோன் என்ற ஊரில் பேச்சுப் பயிற்சிக்கென்றே ஓர் இடம் இருக்கிறது, பெருநாள் முடிந்ததும் அங்கே அழைத்துப் போகிறேன் என்று என்னிடம் சொன்னாள். உங்களுக்கு நல்ல வேறு இடம் பார்த்துத் தருகிறேன் என்றும் சொன்னாள். நல்ல பெண் அவள். அன்றிரவு மேடத்துக்குத் தலை வாரிவிடும்போது கேட்டேன், "லியோன் வேண்டாம்தானே மேடம்?" என்று. கண்ணாடியில் என்னைப் பார்த்தார். உதட்டைச் சுருக்கி, மூச்சை இழுத்து, அந்த வார்த்தையைத் தயார் செய்வது தெரிந்தது. நான் விளக்கை அணைத்துவிட்டேன்.

அந்த வாரம் எலோடி சவுதியில் இருந்தாள். மறுநாள் வருவதாக இருந்தது. சாயங்காலம் மேடத்தை ஜன்னலோரம் உட்காரவைத்துப் பேரீச்சம்பழத்தைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பள்ளிவாசலில் நாலு மணித் தொழுகைக்கு அசர் பாங்கு ஆரம்பித்தது. அந்த நேரத்தில் அவர் வாயோரம் இறங்கியது. கண் ஒரு பக்கமாகப் போனது. எனக்குத் தெரிந்துவிட்டது. முன்பு பார்த்த அதே அடையாளங்கள்.

அப்போது அவர் பேசினார். "எலோடி" என்றார். முழுப் பெயர். எழுத்து ஒன்றுகூடச் சிதையவில்லை. என் கையைப் பிடித்து இழுத்து, மேசையிலிருந்த போனைப் பார்த்து, மறுபடியும் "எலோடி" என்றார்.

போனை எடுத்தேன். எடுத்தது உண்மை. ஆம்புலன்ஸுக்கு அடிக்க வேண்டியதுதான். கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து காப்பாற்றுவார்கள். மேடம் லியோனுக்குப் போவார். படம் எடுப்பார்கள். எங்கோ ஒரு இருட்டு அரங்கத்தில் அந்தச் சந்தைக் குரலைப் போட்டுக்காட்டுவார்கள், எல்லாரும் கேட்பார்கள். அதற்கப்புறம் என் குரல் எங்கே போகும்?

போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் என்னையே பார்த்தார். நான் என்ன செய்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது. வாயைத் திறந்தார். அப்படியே திரையில் பார்த்தது போல. மூச்சு உள்ளே போனது, தொண்டை அசைந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. நான் கொடுத்தேன், ஐயா. நான் வேண்டுமென்று செய்யவில்லை. அந்த வாய் திறந்தால் என்னிடமிருந்து குரல் வந்துவிடும், அது அத்தனை வருடப் பழக்கம். நீளமாக, முழுதாக வந்தது. எனக்கே ஆச்சரியம், இந்த வயதில். அருள்ராஜுக்குக் கேட்டிருக்கும். அவன் வரவில்லை. ரிகர்சல் என்று நினைத்திருப்பான். அந்தப் பையனை எதுவும் கேட்காதீர்கள்.

பிறகு அவரோடு பேசிக்கொண்டே இருந்தேன். சேதுபதி சார் எழுதிக்கொடுத்த வரிகள், நானாகச் சேர்த்த வரிகள், எல்லாம் நினைவுக்கு வந்தன. அவர் தலையை என் மடியில் சாய்த்துக்கொண்டேன். கடைசியில் என் விரலை அவர் பிடித்திருந்தாரா, நான் பிடித்திருந்தேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. சூரியன் மறைந்து, மக்ரிப் பாங்கும் முடிந்து, வெளியே முழுக்க இருட்டிய பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அவர்களிடம், இப்போதுதான் பார்த்தேன் என்றேன். வயதான அம்மா, இரண்டாவது அடைப்பு. யாரும் எதுவும் கேட்கவில்லை.

துக்கம் விசாரிக்க ஹிஃப்ஸா வந்தாள். நான் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பி வருவதற்குள் அவளும் எலோடியும் நேருக்கு நேர் பேசிவிட்டார்கள். "நீங்கதானே என்னை நிறுத்தச் சொன்னீங்க?" என்று அவள் கேட்க, "நானா?" என்று எலோடி கேட்க, இரண்டு பேரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு, என் பையை எடுத்துக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தேன். உங்கள் ஆட்கள் வரும்வரை அங்கேயேதான் இருந்தேன். ஓடவில்லை. எங்கே ஓடுவேன்?

ஆமாம், நான்தான் செய்தேன். மருந்து கொடுத்தது நான். பேச்சு வராமல் தடுத்தது நான். உதவி கேட்டவரை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்ததும் நான். கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன்.

என்ன கேட்கிறார் ஐயா? எலோடியிடம் சொன்னதா?

அவள் மறுநாள் காலையில் ஏர்போர்ட்டிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தாள். செருப்பெல்லாம் அந்தக் கோட்டை மண். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அம்மா கடைசியில் ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டாள். "சொன்னாங்கம்மா. வாய் திறந்து, தெளிவா, 'பிரபா'ன்னாங்க" என்றேன். அவள் என் தோளில் விழுந்து அப்படி அழுதாள். நீங்களாவது பக்கத்தில் இருந்தீர்களே என்றாள்.

அதைப் பொய் என்று எழுதிக்கொள்ள வேண்டாம், பாய். வாயில் வந்தது மகள் பெயர்தான், நானே ஒப்புக்கொண்டேனே. ஆனால் அது ஆரம்பம்தான். இன்னும் கொஞ்சம் நேரம் கிடைத்திருந்தால் என் பெயரைத்தான் சொல்லியிருப்பார்.